அதிகாரியின் நிழலில் வளர்ந்த வணிகம்

பெரிய அதிகாரி ஒருவரைத் தெரியும் என்பதையே மூலதனமாகக் கருதும் வணிகர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அந்த மூலதனம் ஒரே நாளில் முழு நஷ்டமாகிவிடும் என்பதற்குச் சீனாவில் நடந்த போ சிலாய் வழக்கு நல்ல சான்றாகும். வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

உயர்ந்த விதம்

போ சிலாய் 1949-இல் பிறந்தவர். தந்தை போ யிபோ புரட்சிக் காலத் தலைவர். துணைப் பிரதமராக இருந்தவர். மகன் 1993-இல் டாலியன் துறைமுக நகரின் மேயரானார். நகரை அழகுபடுத்தி, வெளிநாட்டு முதலீட்டை வரவழைத்துப் பெயர் பெற்றார். பின்னர் லியாவோனிங் மாகாண ஆளுநரானார். 2004-இல் மத்திய வணிக அமைச்சர். 2007-இல் சோங்சிங் மாநகரக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர். சீனாவில் மேயரைவிடக் கட்சிச் செயலாளருக்கே அதிகாரம் அதிகம். சோங்சிங்கின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 3 கோடி!

அங்கே 2009-இல் ரவுடிக் கும்பல்களை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். பொதுமக்கள் பாராட்டினார்கள். ஆனால், கைதானவர்களில் தொழிலதிபர்களும் இருந்தனர். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள், சொத்துகளைப் பறித்தார்கள் என்ற புகார்கள் பிறகு வெளிவந்தன.

வீழ்ந்த விதம்

2011 நவம்பரில் நீல் ஹேவுட் என்ற ஆங்கிலேயத் தொழில் ஆலோசகர் சோங்சிங் விடுதி ஒன்றில் இறந்து கிடந்தார். நஞ்சு கொடுத்துக் கொன்றவர் போவின் மனைவி கு கைலாய் என்று பின்னர் தீர்ப்பாயிற்று. இதைப் போவிடம் எடுத்துச் சொன்ன போலீஸ் தலைவர் வாங் லிஜுன், அடி வாங்கிப் பதவியையும் இழந்தார். 2012 பிப்ரவரி 6-ஆம் நாள் உயிருக்கு அஞ்சி, செங்டு நகரிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புகுந்தார். விஷயம் உலகறிந்தது. மார்ச் 15-இல் போவின் பதவி பறிபோனது.

2013 ஆகஸ்டில் ஜினான் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. லஞ்சம் 2 கோடியே 4 லட்சம் யுவான், கையாடல் 50 லட்சம் யுவான், அதிகாரத் துஷ்பிரயோகம் ஆகிய மூன்று குற்றங்களும் உறுதியாயின. செப்டம்பர் 22-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொடுத்தவர் கதி

லஞ்சத்தில் பெரும் பங்கைக் கொடுத்தவர் சூ மிங். டாலியனில் கட்டடப் பொருள் தொழில் நடத்தி, இளம் வயதிலேயே பெருஞ்செல்வரானவர். பிரான்ஸ் நாட்டில் போ குடும்பத்துக்கு வாங்கிய மாளிகைக்குப் பணம் தந்தார். மகனுடைய விமானப் பயணச் செலவையும் ஏற்றார். கால்பந்துக் குழு வாங்கவும், பெட்ரோலிய ரசாயனத் திட்டத்துக்கும் போவின் உதவி கிடைத்தது என்பது வழக்கு.

போ பதவி இழந்த அதே மாதம் சூ மிங்கும் பிடிபட்டார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அவரைப் போவே குறுக்கு விசாரணை செய்தார். மாளிகை பற்றி என்னிடம் பேசியதுண்டா என்று கேட்க, இல்லை என்றே சூ மிங் சொல்ல வேண்டியதாயிற்று. கொடுத்ததற்கு நன்றியும் இல்லை, ரசீதும் இல்லை! 2015 டிசம்பரில் சிறையிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 44.

நாம் கொள்ள வேண்டியது

சோங்சிங்கில் அதிகாரியின் பகையால் வணிகர் கெட்டனர். டாலியனில் அதிகாரியின் நட்பால் வணிகர் கெட்டார். சட்டத்துக்கு மேலாக ஒரு மனிதர் நின்றால், இரண்டுக்கும் முடிவு ஒன்றே. எனவே நமக்குப் பாதுகாப்பு, ஒழுங்கான உரிமம், நேரான கணக்கு, சரியான எடை ஆகியவைதான். குறை இருந்தால் தனியாளாகப் பின்வாசலில் போய் நிற்காமல், சங்கத்தின் வழியே எழுத்து மூலம் கேட்போம். அதிகாரிகள் மாறுவார்கள், எழுதிக் கொடுத்த மனு கோப்பில் இருக்கும்.