கழிவு டயரும் சரக்காகும்

எனது டயர் கடையின் பின்புறம் குவிந்திருந்த பழைய டயர்களில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுவதாக 2017 இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்தார். அவ்வாண்டு இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோரை டெங்கு பீடித்தது. கூலி கொடுத்தே அவற்றை அகற்றினேன்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1960களிலேயே சார்ள்ஸ் மெக்டொனால்ட் என்ற பொறியியலாளர் டயர்த் தூளைச் சூடான தாருடன் கலந்து வீதி வெடிப்புகளுக்குப் பரிகாரம் கண்டார். கம்பி நீக்கி, அரைத்து, அதிக வெப்பத்தில் கலக்க வேண்டியிருப்பதால் ஆரம்பச் செலவு கூடுதல்தான். வீதி நீடித்து உழைத்தால் பராமரிப்பில் அது மிச்சமாகும்.

வியாபாரி என்ற வகையில் ஒன்று சொல்வேன். வாங்குபவர் நிச்சயமானால்தான் அரைக்கும் இயந்திரத்துக்கு முதல் போடலாம். வீதி வேலைக்கான கேள்விப்பத்திரங்கள் டயர்த் தூளைக் கேட்கட்டும். குப்பை தானாகவே சரக்காகிவிடும்.