ஹாரி ஃபெர்குசன்

ஹாரி ஃபெர்குசன் (4 நவம்பர் 1884 – 25 அக்டோபர் 1960) அயர்லாந்தில் பிறந்த தொழிலதிபர், பொறியாளர். ஆர்வத்தால் விமானம் ஓட்டியவர். எஞ்சின் பொருத்திய விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலாகப் பறந்தவர் இவரே. ஆயினும் உலகம் இவரை நினைவில் வைத்திருப்பது டிராக்டருக்காகத்தான். நம் ஊர் வயல்களில் ஓடும் மாசி ஃபெர்குசன் டிராக்டரின் பெயரில் பாதி இவருடையது.

இளமை

அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தில் உள்ள குரோவெல் என்ற சிற்றூரில், பதினொரு பிள்ளைகள் கொண்ட உழவர் குடும்பத்தில் பிறந்தார். (இப்பகுதி இன்று வட அயர்லாந்தில் உள்ளது.) வயல் வேலை இவருக்குப் பிடிக்கவில்லை. 1902-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய மிதிவண்டி, மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடிப் பெயர் வாங்கியதால் கடைக்கும் விளம்பரம் கிடைத்தது.

விமானம்

1909-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரிலும் இங்கிலாந்தின் பிளாக்பூலிலும் நடந்த விமானக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், தாமே ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ரைட் சகோதரர்களும் மிதிவண்டிக் கடைக்காரர்களே என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. 1909 டிசம்பர் 31 அன்று, பலத்த காற்றுக்கிடையே, ஹில்ஸ்பரோ பூங்காவில் அந்த ஒற்றை இறக்கை விமானம் தரையை விட்டு எழுந்தது. பறந்த தூரம் 130 கஜம், அதாவது ஏறத்தாழ 119 மீட்டர். மறு ஆண்டு நியூகாசில் கடற்கரையில் ஏறக்குறைய மூன்று மைல் பறந்து 100 பவுண்டு பரிசு பெற்றார். விபத்துகளும் நேர்ந்தன. 1911-இல் அண்ணனைப் பிரிந்து சொந்த மோட்டார் நிறுவனம் தொடங்கிய பின் பறப்பது மெல்ல நின்றுபோனது.

கலப்பையின் சிக்கல்

முதல் உலகப்போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்தது. 1917-இல் அயர்லாந்தின் வேளாண்மைத் துறை, பண்ணைகளில் ஓடும் டிராக்டர்களைச் செம்மைப்படுத்தும் பணியை இவரிடம் ஒப்படைத்தது. உதவியாளர் வில்லியம் சாண்ட்ஸுடன் ஊர் ஊராகச் சென்றபோது ஒன்று இவர் கண்ணில் பட்டது. டிராக்டரைக் குதிரைக்குப் பதிலாக நிறுத்தி, கலப்பையை அதன் பின்னால் வெறுமனே கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் உயிர் ஆபத்து இருந்தது. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கினால் டிராக்டர் முன்னே நகர முடியாது. பின் சக்கரங்களும் சுழலா. ஆனால் எஞ்சினின் விசை நிற்பதில்லை. அது பின் அச்சைச் சுற்றி வண்டியையே தூக்கும். முன்பகுதி மேலெழுந்து, டிராக்டர் பின்பக்கமாகக் குப்புற விழும். ஓட்டுநர் அடியில் நசுங்குவார். அக்காலத்தில் பரவலாக விற்ற எடை குறைந்த ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படிப் பலர் இறந்தனர்.

டிராக்டரையும் கலப்பையையும் ஒரே கருவியாக இணைக்க வேண்டும் என்பதே ஃபெர்குசன் கண்ட தீர்வு. இன்று எந்த டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் கீழே இரண்டு கைகளும் மேலே நடுவில் ஒரு கையும் இருக்கும். இதுவே மூன்று புள்ளி இணைப்பு. உழும்போது கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. மண்ணின் எதிர்ப்பால் கலப்பை முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அப்போது மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி அதன் முன்பகுதியைத் தரையோடு அழுத்துகிறது. வண்டியைக் கவிழ்க்கும் அதே விசை இங்கே அதைக் கவிழாமல் காக்கிறது. விசையின் திருப்புத்திறன் பாடத்தைப் படித்த மாணவர்கள் இதை ஒரு படமாக வரைந்து பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள கதவு, திருகுசாவி எடுத்துக்காட்டுகளைவிட நன்றாகப் பதியும்.

இதோடு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் சேர்த்தார். மண் இறுகி இழுவை கூடினால் அது கலப்பையைத் தானாகவே சற்று உயர்த்தும், இளகினால் இறக்கும். கலப்பையின் எடை பின் சக்கரங்கள் மேல் ஏறுவதால் சிறிய டிராக்டருக்கே போதிய பிடிமானம் கிடைத்தது. இந்த அமைப்புக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். 1933-இல் செய்த முதல் மாதிரிக்குக் கறுப்பு வண்ணம் பூசினார். அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கைகுலுக்கல் ஒப்பந்தம்

1936 முதல் டேவிட் பிரவுன் என்ற உற்பத்தியாளருடன் சேர்ந்து டிராக்டர் செய்தார். விற்பனை பெரிதாக இல்லை, இருவருக்கும் ஒத்தும் போகவில்லை. 1938 அக்டோபரில் ஃபெர்குசன் அமெரிக்கா சென்று ஹென்றி ஃபோர்டின் பண்ணையில் உழுது காட்டினார். ஃபோர்டு வியந்தார். ஃபோர்டு உற்பத்தி செய்வது, ஃபெர்குசன் வடிவமைத்து விற்பது என்று முடிவாயிற்று. கையெழுத்து இல்லை, கைகுலுக்கியதோடு சரி. 1939-இல் வெளிவந்த ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டர் 1947-க்குள் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தைப் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு தொடர விரும்பவில்லை. 1947-இல் உறவை முறித்துக்கொண்டு, அதே இணைப்பு அமைப்போடு தம் நிறுவனத்தின் பெயரிலேயே டிராக்டர் விற்றார். ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952-இல் கிடைத்தது 92.5 லட்சம் டாலர். கேட்டதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் ஒரு தனி மனிதர் ஃபோர்டு நிறுவனத்தைப் பணம் கொடுக்க வைத்தார் என்பது சிறிய செய்தியன்று.

வழக்கு நடக்கும்போதே இவர் சும்மா இருக்கவில்லை. 1946 முதல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இவருக்காக டிஇ20 டிராக்டரைச் செய்தது. பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் உருவான இந்தச் சாம்பல் நிற வண்டியில்தான் எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது.

பிற்காலம்

1953-இல் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். விலையில் பத்து லட்சம் டாலர் வேறுபாடு எழ, நாணயம் சுண்டித் தீர்த்தார்கள், ஃபெர்குசன் தோற்றார். மாசி ஃபெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது.

கடைசி ஆண்டுகளில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் மோட்டார் கார் இவரது கவனத்தை ஈர்த்தது. இவர் இறந்த மறு ஆண்டு, 1961-இல், இவரது நிறுவனம் செய்த பி99 காரை ஓட்டி ஸ்டிர்லிங் மாஸ் இங்கிலாந்தின் ஔல்டன் பார்க் பந்தயத்தில் வென்றார். நான்கு சக்கர விசை கொண்ட கார் ஒன்று ஃபார்முலா 1 பந்தயத்தில் வென்றது அந்த ஒரு முறைதான்.