மீண்டும் தளிர்த்த ஆட்டம்

உத்தமபாளையத்தைத் தாண்டி, அனுமந்தன்பட்டி வழியாகக் கம்பம் நோக்கிச் செல்வோர், வழிநெடுகத் திராட்சைப் பந்தல்களைக் காண்பர். பிரெஞ்சு குரு ஒருவர் 1832-ஆம் ஆண்டில் இப்பகுதிக்குக் கொணர்ந்ததாகக் கூறப்படும் பன்னீர் திராட்சை, இன்று இப்பள்ளத்தாக்கின் அடையாளமாகவே விளங்குகின்றது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இத்தோட்டங்களில் வயது கழித்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு காய்ப்பில் கொத்துக் கொத்தாய்த் தொங்கிய பந்தல், அடுத்த காய்ப்பில் இலையும் தழையுமாய் நின்று ஏமாற்றிவிடும் என்பார்கள். அதற்காகக் கொடியை வேரோடு பிடுங்கி எறிகிறவர் எவருமில்லை. கவாத்துச் செய்கின்றனர்; உரமிடுகின்றனர்; காத்திருக்கின்றனர்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் இந்தப் பொறுமை நமக்கு வாய்ப்பதில்லை. சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "ஐயா, இவனுக்கு மூளை இல்லாமல் இல்லை, நிலைதான் இல்லை. ஒரு பரீட்சையில் வகுப்புக்கே முதல்வனாய் வருகிறான். அடுத்த பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து நிற்கிறான். பந்து விளையாட்டிலும் இதே கதைதான். இவனை என்ன செய்வது?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். அந்தத் தாய்க்கு அன்று உடனே சொல்ல எனக்கு விடை கிடைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் விஜய் அமிர்தராஜின் நினைவு வந்தது.

இளைய வாசகர்களுக்கு அப்பெயர் தொலைக்காட்சியில் டென்னிஸ் ஆட்டங்களை விளக்கியுரைத்தவராகவோ, 1983-இல் வெளிவந்த 'ஆக்டோபுஸ்ஸி' என்ற ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் தோன்றியவராகவோ தெரிந்திருக்கலாம். எங்கள் தலைமுறையினருக்கு அவர் வேறு. நம்மை மகிழ்ச்சியில் துள்ளவும், அடுத்த வாரமே தலையில் கைவைத்து உட்காரவும் செய்த வீரர் அவர்.

சென்னையில் 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், இராபர்ட், மேகி என்னும் கத்தோலிக்கத் தம்பதியரின் இரண்டாம் மகனாகப் பிறந்தார். மூத்தவர் ஆனந்த், இளையவர் அசோக். மூவருமே டென்னிஸ் வீரர்கள். ஆயினும் இம்மூவரில் விளையாட்டுக்கு எவ்விதத்திலும் பொருத்தமற்றவர் எனத் தோன்றியவர் விஜய்தான். சிறுவயதில் நுரையீரல் நோயால் அவர் பெரிதும் துன்புற்றார். மருத்துவமனையில் கிடந்த நாட்கள் பல. எழும்பூர் டான் போஸ்கோ பள்ளியில் பாடங்கள் தவறிப்போகக் கூடாதே என்று, அவருடைய தாயார் தாமே வகுப்பில் சென்று அமர்ந்து, ஆசிரியர் கூறுவதை எழுதி வந்து, படுக்கையில் இருந்த மகனுக்குக் கற்பித்தாராம். சிறு பிள்ளைகள் நடுவே ஒரு தாய் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் காட்சியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்! திறந்த வெளியில் ஓடியாடினால் நுரையீரல் வலுப்பெறும் என்ற நம்பிக்கையில்தான் அவர் கையில் டென்னிஸ் மட்டை கொடுக்கப்பட்டது. வெற்றிக் கோப்பைகளைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை. பையன் மூச்சு விட்டால் போதும் என்பதே வீட்டாரின் கவலை.

அவ்வாறு மட்டை பிடித்த சிறுவன் 1973-இல், பத்தொன்பதாம் வயதில், விம்பிள்டன் கால் இறுதியில் ஆடினான். எதிரே செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடெஷ். ஐந்தாவது செட்டில் 7-5 என்ற கணக்கில் கோடெஷ் தப்பினார். அவரே அவ்வாண்டின் விம்பிள்டன் வீரரும் ஆனார். அதே கோடையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் நகரில் ஜிம்மி கானர்ஸை இறுதி ஆட்டத்தில் வென்றார் விஜய். அமெரிக்க ஓப்பன் போட்டியில், டென்னிஸ் உலகின் பேரரசராகத் திகழ்ந்த ராட் லேவரையே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பியோர்ன் போர்க் இவரிடம் தோற்றார். அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் ஆகிய மூவரையும் டென்னிஸின் 'ஏ, பி, சி' என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின.

போர்க்கும் கானர்ஸும் பட்டங்களை அடுக்கிக்கொண்டே போயினர். அந்த முதல் எழுத்துக்கு உரியவர் மட்டும் ஒரு நாள் மலை ஏறுவார், மறுநாள் பள்ளத்தில் கிடப்பார். லேவரை வென்ற அதே போட்டியிலும், போர்க்கை வென்ற அதே போட்டியிலும், கால் இறுதியில் கென் ரோஸ்வாலிடம் தோற்றார். ரோஸ்வாலோ அப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர்!

ஏன் இப்படி? அவர் ஆட்டத்தின் இயல்பிலேயே காரணத்தின் ஒரு பகுதி இருந்தது என்பது என் எண்ணம். போர்க் போன்றோர் பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிப்பர். அது வலைக்கு மேலே தாராளமான இடைவெளி விட்டுப் பறந்து, அப்பால் சென்றதும் கோட்டுக்குள் சட்டென இறங்கிவிடும். கை சிறிது பிசகினாலும் பந்து பிழைத்துக்கொள்ளும். விஜயின் ஆட்டம் அவ்வகையன்று. பந்து வீசியதும் வலையை நோக்கி விரைந்து, எதிரி அடித்த பந்து தரையைத் தொடுமுன்பே மென்மையாய்த் தட்டிவிடும் நுட்ப ஆட்டம். வலையை உரசுவதுபோல் தாழ்வாகச் செல்லும் அடிகள். கண்ணும் கையும் ஒத்துழைக்கும் நாளில் பார்ப்பதற்கு அதைவிட அழகான ஆட்டம் இல்லை. நூலிழை தவறும் நாளிலோ, அந்த அழகான அடிகள் எல்லாம் வலையில் போய் விழும். ஐந்தாவது செட்டில் உடல் தளர்ந்தால் நூலிழை தவறுவது எளிது. நோயில் வளர்ந்த உடல் அது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எதிரியை வீழ்த்தியே தீரவேண்டும் என்ற வெறி அவரிடம் இல்லை என்று குறை கூறியவர்களும் உண்டு. அது உண்மையாய் இருக்கலாம். ஆனால் அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர்மீது அன்பு கொண்டோருக்கு இரண்டு விம்பிள்டன் தோல்விகள் ஆறாத வடுக்கள். 1979-இல் இரண்டாம் சுற்றில் போர்க்கை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலை பெற்றிருந்தார். நான்காவது செட் சமன்முறிவு வரை சென்று கைநழுவியது. ஐந்தாவதும் அதன்பின் ஓடியது. 1981-இல் கால் இறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளையும் வென்று, வெற்றிக்கு ஒரே செட் எஞ்சியிருக்க, அடுத்த மூன்றையும் இழந்தார். அந்நாளில் மதுரையிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வரும் நாளிதழை வாங்கிக்கொண்டு தேநீர்க் கடையிலேயே நின்று படிப்போம். "இவன் எப்போதும் இப்படித்தான்" என்று ஒருவர் இதழை மடித்துக் கொடுத்தது இன்னும் காதில் ஒலிக்கின்றது. நானும் தலையை ஆட்டினேன்.

ஆனால் 1984-இல் நடந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு அமெரிக்கரான ஜான் மெக்கன்ரோ ஆடிய ஆட்டங்களில் தோற்றவை மூன்றே மூன்று. அம்மூன்றில் ஒன்று, சின்சினாட்டி நகரில் முப்பது வயது விஜயிடம்! அத்துடன் அவர் முழுமையாக மீண்டுவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. பெருமழைக்குப் பின் மீண்டும் வறட்சி. உலகத் தரவரிசையில் முதல் இருபதுக்குள் இருந்தவர், 1987 பிறந்தபோது முதல் நூறு பேரிலும் இல்லை. வயதோ முப்பத்து மூன்று. அக்காலக் கணக்கில் அது மட்டையை ஓய்வுக்கு அனுப்பும் வயது.

டேவிஸ் கோப்பைப் போட்டிகள் மட்டும் அவரை எப்போதும் வேறு மனிதராக்கின. நாடுகள் மோதும் இப்போட்டியில் அக்காலத்தில் நான்கு தனியர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் இருந்தன. மூன்றை வென்ற நாடு முன்னேறியது. 1974-இல் விஜயும் ஆனந்தும் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை முறியடித்தபோது அவ்விரு நாடுகளும் மொத்தம் 327 ஆட்டக் கூறுகள் ஆடியிருந்தன. அப்படியொரு நெடும்போர் அது. பின்னர் சோவியத் நாட்டையும் வென்று இந்தியா இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்திய நாட்டுடன் ஆடுவதில்லை என்று நம் அரசு முடிவு செய்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. தம் வாழ்வின் பெரும் வாய்ப்பு அப்படிப் போனதைச் சகோதரர் இருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருபது வயதில் அது எளிதா?

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1987 மார்ச் மாதம். டில்லியில் அர்ஜென்டினாவுடன் முதல் சுற்று. விஜய் தோற்றால் இந்தியா வெளியேறும் என்ற நிலையில் மார்ட்டின் ஹைட்டேயை எதிர்த்து அவர் களம் இறங்கினார். ஹைட்டே அவரைவிடப் பதினோரு வயது இளையவர். உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவர். ஆட்டம் மெல்ல மெல்லக் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஹைட்டேக்கு வெற்றிப் புள்ளி. இன்னும் ஒரே ஒரு பந்து, அவ்வளவுதான்.

அந்தப் பந்தை விஜய் தோற்கவில்லை. அதற்கடுத்த பந்தையும் ஆடினார். செட்டைக் கைப்பற்றினார். பதினைந்து ஆண்டுகளாக அவரைக் கைவிட்ட அந்த ஐந்தாவது செட் அன்று அவருடையதாயிற்று. அதன்பின் ரமேஷ் கிருஷ்ணன் கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவைக் கரை சேர்த்தார். அடுத்து இஸ்ரேல் வீழ்ந்தது. அக்டோபரில் சிட்னி நகரின் புல்தரையில் ஆஸ்திரேலியா! சொந்த மண்ணில், சொந்தப் புல்லில், அவர்கள் தோற்பார்கள் என்று எவர் நினைத்தார்? ரமேஷ் இரு தனியர் ஆட்டங்களையும் வென்றார். விஜய் வாலி மசூரை வென்றார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தியா மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தது. மாலை வானொலிச் செய்தியில் அதைக் கேட்டபோது, நாளிதழை மடித்துக் கொடுத்த அந்த நண்பரைத் தேடிக்கொண்டு நான் கடைவீதிக்கு ஓடினேன். அவரும் என்னைத் தேடிக்கொண்டுதான் வந்திருந்தார்.

டிசம்பரில் கோத்தன்பர்க் நகரில் சுவீடன் நம்மை ஐந்துக்குச் சுழியம் என்று தோற்கடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். உள்ளரங்கக் களிமண் தரை. எதிரே மாட்ஸ் விலாண்டர் போன்ற மாவீரர்கள். அன்று யாரும் விஜயைக் குறை கூறியதாக எனக்கு நினைவில்லை.

தமக்காக ஆடியபோது தடுமாறியவர், பிறருக்காக ஆடியபோது நிமிர்ந்தார் என்று இதை முடித்துவிட ஆசைதான். சின்சினாட்டி வெற்றி அதற்கு இடந்தரவில்லை. அது அவர் தமக்காக ஆடி வென்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: திறமை அவரை விட்டு எங்கும் போய்விடவில்லை. வென்ற வாரத்திலும் தோற்ற வாரத்திலும் அதே கைதான் அவருக்கு இருந்தது. அந்தக் கை மறுபடி வேலை செய்யும் நாள் வரும்வரை அவர் களத்தை விட்டு வெளியேறவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவரைக் கைவிடவில்லை. முப்பத்து மூன்று வயதில், தரவரிசையைப் பார்த்து மட்டும் முடிவெடுத்திருந்தால், டில்லிக் களத்தில் அவருக்கு இடம் ஏது?

இதை அந்தத் தாயிடம் அடுத்த ஞாயிறன்று சொன்னேன். "அப்படியானால் கண்டிக்கவே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கவாத்து இல்லாத கொடி காய்க்காது என்பது அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் பந்தல் இருக்கின்றது. எதை வெட்டுகிறோம், எதை விட்டு வைக்கிறோம் என்பதில்தான் தோட்டக்காரரின் கை தெரியும் என்றேன். மேகி அம்மையார் வகுப்பறையில் அமர்ந்து பாடம் எழுதிய கதையையும் சொன்னேன். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பையனுக்கோ மெக்கன்ரோவின் மூன்று தோல்விகளே பிடித்திருந்தன. மற்ற இரண்டும் யாரிடம் என்று கேட்டான். இவான் லெண்டில் ஒருவர், சுவீடனின் ஹென்ரிக் சுண்ட்ஸ்ட்ரோம் மற்றொருவர் என்று சொல்லி வைத்தேன்.

சென்னையில் 1985-இல் அமிர்தராஜ் குடும்பத்தார் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையுடன் இளைஞர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிறுவர்கள் வந்து தங்கி ஆடிப் பழகினர். அவர்களுள் ஒருவன் கல்கத்தாவிலிருந்து வந்த லியாண்டர் பயஸ். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். 2024 ஜூலை 20-ஆம் நாள், அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில், உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் ஆசியாவின் முதல் ஆண் வீரர்களாக இருவர் இடம்பெற்றனர். ஒருவர் அந்த லியாண்டர். அவருடன் அதே மேடையில் நின்றவர், ஒரு காலத்தில் மூச்சு விடவே திணறிய எழும்பூர்ப் பள்ளி மாணவர் விஜய்.