கணக்கில் வராத தாய்மார்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். ஓர் எண்ணைக் கண்டால், அது சரியாகக் கூட்டப்பட்டதா என்று பார்ப்பதே என் வழக்கமாக இருந்தது. அந்த எண்ணுக்குள் எவர் இருக்கிறார், எவர் இல்லை என்று வினவ வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவள், என் தமக்கையின் பேத்தி.

அவள் பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவி. படிப்பின் ஒரு பகுதியாக, இரண்டு திங்கள் பயிற்சிப் பணியில் அமர்ந்தாள். தாய் சேய் நல ஆய்வு ஒன்றில் திரட்டிய விவரங்களை, பெயர்கள் நீக்கப்பட்ட நிலையில், கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்வது அவள் வேலை. மாலைதோறும் என்னிடம் வந்து, அன்று கண்டதைச் சொல்வாள். அவற்றுள் சிலவற்றை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்வோம். உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவர் எத்தனை பேர் என்பது சிசு மரண விகிதம். உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, கருவுற்ற காலத்திலோ, பேற்றின்போதோ, அதன்பின் 42 நாட்களுக்குள்ளோ, அவை காரணமாக இறக்கும் தாய்மார் எத்தனை பேர் என்பது தாய் மரண விகிதம். விபத்து முதலிய தற்செயலான காரணங்கள் இதில் சேரா. இந்தியாவில் சிசு மரண விகிதம் 1971ஆம் ஆண்டில் 129 ஆக இருந்து, 2020ஆம் ஆண்டில் 28 ஆகக் குறைந்தது. தாய் மரண விகிதம் 2004-06ஆம் ஆண்டுகளில் 254, 2018-20இல் 97. மருத்துவமனைப் பேறும், தடுப்பூசியும், பெண் கல்வியும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. ஆயினும் இந்த எண்கள் எளிதில் கிடைத்தவை அல்ல.

ஒருநாள் அவள், குழந்தைகளின் பிறப்பு எடையைப் படமாக வரைந்து காட்டினாள். இடையிடையே சில கோடுகள் மட்டும் பனைபோல் உயர்ந்து நின்றன. அவற்றுள் ஒன்று 2,500 கிராமில் நின்றது. இயற்கை இப்படி ஓரெண்ணின்மேல் காதல் கொள்ளுமா? கொள்ளாது. எடை பார்த்தவர் 2,430ஐயும் 2,460ஐயும் ‘இரண்டரைக் கிலோ’ என்று எழுதிவிடுகிறார். 2,500க்குக் குறைந்தால்தான் எடை குறைந்த குழந்தை என்று பெயர். எனவே அந்தச் சிறு சோம்பலால், கவனிக்கப்பட வேண்டிய சில குழந்தைகள் நலமுள்ள குழந்தைகளின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றனர்.

மற்றொரு நாள் இன்னொன்று சொன்னாள். குழந்தையை இழந்த தாயிடம், “எந்த வயதில் இறந்தது?” என்று கேட்டால், “ஒரு வயசிலே” என்பாள். அது பதினொன்றாம் மாதமாகவும் இருக்கலாம், பதின்மூன்றாம் மாதமாகவும் இருக்கலாம். ‘பன்னிரண்டு மாதம்’ என்று எழுதிவிட்டால், அக்குழந்தை சிசு மரணக் கணக்கிலிருந்து நழுவிவிடும். ஆகவேதான், ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தால் நாட்களிலும், இரண்டு வயதுக்குள் இறந்திருந்தால் மாதங்களிலும் கேட்டு எழுதவேண்டும் என்று கள ஆய்வாளரைப் பழக்குகின்றனர். துயருற்ற தாயிடம் மீண்டும் ஒருமுறை கேட்பது கடினமே. ஆனால் கேளாமல் விட்டால் குழந்தை கணக்கிலும் இல்லாமல் போகிறது.

இப்போது, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். “இத்தனை ஆயிரம் தாய்மாரைக் கேட்டிருக்கிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் பேற்றில் இறந்தார்கள்?” என்று அவளிடம் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “தாத்தா, இறந்தவர் எப்படிப் பதில் சொல்வார்?” என்றாள்.

நாணினேன். வினாவுக்கு விடை சொல்பவர் அனைவரும் பிழைத்தவர் அல்லரோ! பிழையாதவர் அந்தத் தாள்களில் எங்குமே இல்லை. தாயைப் பறிகொடுத்த குழந்தைகளும், அவர்களைப் பற்றிச் சொல்லத் தாய் இல்லாமையால், அதில் இடம்பெறுவதில்லை.

வேறொரு தொல்லையும் உண்டு. தாய் மரணம் அரிது. லட்சத்துக்கு 97 என்றால், ஆயிரம் பேற்றில் ஏறத்தாழ ஒன்று. 2,000 பேறுகளை மட்டும் ஆராய்ந்தால் இரண்டு மரணங்கள் தென்படலாம். மறுமுறை ஒன்று தென்பட்டால், “பாதியாகக் குறைத்துவிட்டோம்” என்று முரசு கொட்டலாமா? தற்செயலை வெற்றி என்று மயங்குவதாகும் அது. ஆகவேதான் மாதிரிப் பதிவு முறையில், மூன்று ஆண்டுகளின் விவரத்தைச் சேர்த்து இவ்விகிதத்தைக் கணிக்கின்றனர்.

பதிவுகள் செம்மையாக இல்லாத நாடுகளுக்கென, 1989ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஒரு வழியை வெளியிட்டனர். இறந்தவரைக் கேட்க இயலாது. அவருடன் பிறந்தவரைக் கேட்கலாம் அன்றோ? வயது வந்த சகோதரிகள் எத்தனை பேர்? உயிருடன் இருப்பவர் எத்தனை பேர்? இறந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் கருவுற்றிருந்தபோதோ, பேற்றிலோ, அதற்குப்பின் ஆறு வாரத்துக்குள்ளோ இறந்தவர் எத்தனை பேர்? இந்நான்கே வினாக்கள்.

இதை விளக்கிவிட்டு, பழக்கத்தினால் அவள் என்னையே கேட்டாள்: “உங்களுக்குச் சகோதரிகள் எத்தனை பேர், தாத்தா?”

“ஒருத்தி. உன் பாட்டி. இப்போது இல்லை. 1974இல் காய்ச்சலில் இறந்துபோனாள்.” எங்கள் வீட்டில் எப்பொழுதும் அப்படித்தான் சொல்வோம்.

“உங்களுக்குப் பேத்தி பிறந்து எத்தனையாவது நாள்?” என்று கேட்க வந்தவள், திருத்திக்கொண்டு, “அம்மா பிறந்து எத்தனையாவது நாள்?” என்றாள்.

“பன்னிரண்டாம் நாள்.”

அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று. அப்பொழுது எனக்கு வயது பதினான்கு. தீட்டு என்று என்னை அறைக்குள் விடவில்லை. வாசற்படியில் நின்று பார்த்தேன். மருத்துவச்சி கை கழுவியதை நான் கண்டதில்லை. இருபது வயதுப் பெண்ணைக் கொண்டுபோனது வெறுங் காய்ச்சல் அன்று; பேற்றுப் புண்ணில் தொற்றிய நஞ்சாகவே இருந்திருக்கவேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நாங்கள் அவளைத் தவறான வரிசையில் எழுதி வைத்திருந்தோம். வீட்டில் நாங்களே அறியாததை எந்தப் பதிவேடு அறிந்திருக்கும்?

பேறு என்று சொல்லாமல் காய்ச்சல் என்று சொல்வதால் கேடு என்ன என்று நீங்கள் கேட்கலாம். காய்ச்சல் என்றால் விதி என்று அமைந்துவிடுவோம். பேறு என்றால், சுத்தமான கையும், சுத்தமான கத்தியும், தக்க மருந்தும் வேண்டும் என்று எவராவது எழுந்து நிற்பார். காரணத்தைச் சரியாக எழுதினால்தான் பரிகாரம் சரியான வாசலைத் தேடி வரும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய பணிக்குச் செல்வீர்கள். விடை தெரியாத கட்டத்தில் சுழி இடாதீர்கள். ‘தெரியாது’ வேறு, ‘இல்லை’ வேறு. முழு எண்ணாகத் திருத்தி அழகுபடுத்தாதீர்கள். கூட்டல் முடிந்தபின், இத்தொகையில் வர இயலாதவர் எவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி முடிந்து புறப்படுமுன், அந்தப் பெண் தன் குறிப்பேட்டின் ஒரு வெற்றுத்தாளில் அந்நான்கு வினாக்களையும் எழுதி, எதிரே என் விடைகளை எழுதினாள்: ஒன்று, சுழி, ஒன்று, ஒன்று. எந்த ஆய்விலும் சேராத தாள் அது. அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன். என் தமக்கை, ஒரு கணக்கிலேனும் சரியான இடத்தில் இருக்கிறாள்.