அத்திபெலே எல்லையில் போக்குவரத்துத் துறை: வரி வசூலுக்கா, உயிர் காக்கவா?

புது தில்லி: மாநிலத்துக்குப் போக்குவரத்துத் துறை எதற்கு என்ற கேள்விக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 213-வது பிரிவு விடை தருகிறது. அச்சட்டத்தின் விதிகளைச் செயல்படுத்துவதற்காக மாநில அரசு மோட்டார் வாகனத் துறையை நிறுவலாம் என்பதே அப்பிரிவின் சாரம். சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். செயல்படுத்த வேண்டியது மாநிலம். வாகனத்துக்கு வரி விதிக்கும் அதிகாரமும் மாநிலத்துக்கே. இவை மூன்றும் ஒன்றோடொன்று உரசிக் கொள்ளும் இடங்களில் முக்கியமானது, பெங்களூரை ஒசூருடன் இணைக்கும் நெடுஞ்சாலையில் உள்ள அத்திபெலே.

பெங்களூர் நகர்ப்புற மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. முன்பு 7 என்றும், இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை இங்குதான் கர்நாடகத்தை விட்டுத் தமிழகத்துக்குள் நுழைகிறது. எல்லையின் இப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜூஜூவாடி. இரு மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகளும் எதிரெதிரே சோதனைச் சாவடி அமைத்து வாகனங்களை நிறுத்தி வந்துள்ளன. ஒசூரின் தொழிற்சாலைச் சரக்கு, காய்கறி, பூ, தென் மாவட்டங்களுக்குச் செல்லும் ஓம்னி பஸ்கள் என அனைத்துக்கும் இதுவே வழி.

இரண்டு பணிகள்

போக்குவரத்துத் துறையின் பணிகளை இரண்டாகப் பிரிக்கலாம். வாகனங்களைப் பதிவு செய்தல், ஓட்டுநர் உரிமம் வழங்குதல், தகுதிச் சான்று அளித்தல், பெர்மிட் நிபந்தனைகளைக் கண்காணித்தல், அதிக பாரத்தைத் தடுத்தல் ஆகியவை முதல் வகை. இவை மக்களின் உயிரோடு தொடர்புடையவை. சாலை வரி வசூலிப்பது இரண்டாவது வகை. அரசின் கஜானாவோடு தொடர்புடையது.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மோட்டார் வாகனங்களும் அவற்றின் மீதான வரிக்கான கொள்கைகளும் பொதுப் பட்டியலில் 35-வது இனமாக உள்ளன. வாகன வரி விதிக்கும் உரிமையோ, மாநிலப் பட்டியலில் 57-வது இனமாக உள்ளது. நாடெங்கும் வணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்று 301-வது பிரிவு கூறுகிறது. எனினும், பாகுபாடு காட்டாத வரி அச்சுதந்திரத்தை மீறுவதாகாது என 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. ஆகவே எல்லையில் வரி கேட்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை என்று வாதிட முடியாது. அந்த உரிமை எதற்காக, எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

குறைந்து வரும் காரணங்கள்

சரக்கு லாரிகளை எல்லையில் நிறுத்துவதற்கு முன்பு பல காரணங்கள் இருந்தன. தேசிய பெர்மிட் பெற்ற லாரிகள், தாங்கள் செல்லும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2010 மே மாதம் அம்முறை மாற்றப்பட்டு, ஆண்டுக்கு ரூ.15 ஆயிரம் என ஒருங்கிணைந்த கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது ரூ.16,500 ஆனது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. அமலானபோது வணிக வரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு ஆகிய விவரங்களை வாகன் தகவல் தொகுப்பிலும், ஓட்டுநர் உரிமத்தைச் சாரதி தொகுப்பிலும் எந்த மாநில அதிகாரியும் பார்க்க முடிகிறது.

இதைச் சுட்டிக்காட்டி, எல்லைச் சாவடிகளைக் கைவிடுமாறு மாநிலங்களை மத்திய அரசு வலியுறுத்தி வந்துள்ளது. குஜராத் 2019 நவம்பரில் தன் போக்குவரத்துச் சாவடிகளை மூடியது. மத்தியப் பிரதேசம் 2024 ஜூலையில் அதே வழியைப் பின்பற்றியது.

லாரி உரிமையாளர்களின் முறையீடு வரியைப் பற்றியது மட்டுமன்று. லாரித் தொழிலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ரூ.48 ஆயிரம் கோடி லஞ்சமாகக் கைமாறுவதாக சேவ் லைஃப் அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. எந்த ஒரு சாவடியையும் மட்டும் குறித்த கணக்கு அல்ல இது. எனினும், கணினியில் பார்க்கக் கூடிய ஆவணத்தைக் காட்டுவதற்காக ஓட்டுநர் கீழே இறங்கி மேஜை முன் நிற்கும் வரை, அந்தப் பணம் கைமாறுவதற்கான வாய்ப்பும் இருக்கவே செய்யும்.

பஸ்களும் பதிவெண்ணும்

சரக்கு லாரிக்குக் கிடைத்த நிவாரணம் பயணிகள் வாகனத்துக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. 2021-இலும் 2023-இலும் மத்திய அரசு வகுத்த அனைத்திந்திய சுற்றுலா வாகன விதிகளின்படி, ஒரே கட்டணம் செலுத்தி நாடெங்கும் செல்லலாம். ஆனால், சுற்றுலா பெர்மிட் வாங்கிவிட்டு வழியெங்கும் தனித்தனிப் பயணிகளை ஏற்றி இறக்குவது, ஒப்பந்த வண்டி என்ற பெயரில் வழித்தட பஸ் நடத்துவதாகும் என்பது மாநிலங்களின் வாதம். அரசு பஸ் கழகங்களின் வருவாய் இதில் அடங்கியிருப்பதால் அவ்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது.

மறுபுறம், சுற்றுலா பெர்மிட்டுக்குப் பணம் கட்டிய பிறகும் ஒவ்வொரு மாநிலமும் தனியே வரி கேட்பதாகக் கூறி, 2025 நவம்பரில் தமிழக ஓம்னி பஸ் உரிமையாளர்கள் கேரளம், கர்நாடகம் செல்லும் சேவைகளை நிறுத்தினர். இவ்விஷயத்தில் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. அவதிப்பட்டவர்கள் பயணிகளே.

சொந்த வாகனம் வைத்திருப்போரின் சிக்கல் வேறு. ஒசூரில் வசித்துக்கொண்டு பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிவோர் பலர். வெளிமாநில வாகனம் 30 நாள்களுக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தாலே ஆயுள்கால வரி செலுத்த வேண்டும் என்று அம்மாநிலம் 2014-இல் சட்டத் திருத்தம் செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவோ, 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் மறுபதிவு தேவை என்கிறது. கர்நாடகத்தின் திருத்தம் செல்லாது என அம்மாநில உயர் நீதிமன்றமே 2016-இல் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் காவிரிப் பிரச்னையில் பெங்களூரில் கலவரம் மூண்டு, தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் தீக்கிரையாயின. எல்லையில் பஸ்கள் நிறுத்தப்பட்டதால் மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் அத்திபெலேயை நடந்தே கடந்தனர். வாகனத்தை அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட பதிவெண், மனிதரை அடையாளம் காணும் குறியாக மாறிய நாள்கள் அவை.

கவனிக்கப்படாத முதல் பணி

2023 அக்டோபர் 7-ஆம் தேதி அத்திபெலேயில் பட்டாசுக் கடையுடன் கூடிய கிடங்கில், லாரியிலிருந்து பெட்டிகள் இறக்கப்பட்டுக் கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அன்றே 14 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்களில் சிலர் பின்னர் இறந்தனர். தீபாவளி வியாபாரத்துக்காகக் கூலி வேலைக்கு வந்திருந்த தமிழக இளைஞர்களே அவர்களில் பலர். கிடங்குக்கு உரிமம் அளித்தது போக்குவரத்துத் துறையன்று. அதற்காக அத்துறையைக் குறை கூறுவது நியாயமாகாது. எனினும், பட்டாசு போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றும் வண்டியில் எச்சரிக்கைக் குறிகள் இருக்க வேண்டும், ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்று உரிமத்தில் அதற்கான பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பண்டிகைக் காலத்தில் எல்லையைக் கடக்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இவற்றையா, வரி ரசீதையா?

அதிக பாரமும் அத்தகையதே. 2019-இல் திருத்தப்பட்ட 194-வது பிரிவின்படி அபராதம் ரூ.20 ஆயிரம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2 ஆயிரம். அபராதத்துடன் கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்பது சட்டம். அபராதத்தை மட்டும் வாங்கிக் கொண்டு பாரத்துடன் வண்டியை அனுப்பினால், அரசுக்கு வருவாய் கிடைக்கும். எதிரே வருபவருக்குப் பாதுகாப்புக் கிடைக்காது.

நாட்டில் 2022-இல் 4.61 லட்சம் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடம். 64 ஆயிரத்துக்கும் அதிகம். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த வழக்கில்தான், நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை உச்ச நீதிமன்றம் 2014-இல் அமைத்தது. அதிக பாரம் ஏற்றுவோரின் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் இடைநீக்கம் செய்ய அக்குழு 2015-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஓடும் வண்டியை எடைபோடும் கருவி, பதிவெண்ணைப் படிக்கும் கேமரா ஆகியவற்றுக்கு 2019 திருத்தத்தின் 136-ஏ பிரிவும் இடமளித்துள்ளது.

மாநிலங்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்களின் கையில் எஞ்சியுள்ள வரிகள் சிலவே: பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகனம். இருப்பதையும் தில்லியிடம் ஒப்படைக்க எந்த மாநிலம்தான் முன்வரும்? ஆனால், வாகன வரியைக் காப்பதற்கு வண்டியை நடுவழியில் நிறுத்த வேண்டியதில்லை. வரியைக் கணினி வழியே வசூலித்து, எல்லையில் பணியாற்றும் ஆய்வாளர்களைப் பிரேக், டயர், பாரம், அபாயச் சரக்கு ஆகியவற்றைச் சோதிக்க அனுப்பலாம். தென் மாநிலங்கள் கூடிப் பேசி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவு அனுமதிக்கும் பரஸ்பர ஒப்பந்தங்கள் மூலம் பஸ் வரிப் பிணக்கையும் தீர்த்துக் கொள்ளலாம்.

அதற்கு மத்திய அரசின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சென்னையும் பெங்களூரும் மனம் வைத்தால் போதும். அவ்வாறு செய்யாமல் எல்லையில் வசூலை மட்டுமே உரிமையாகக் கருதி நின்றால், அந்த உரிமையைப் பறிப்பதற்கான நியாயத்தை மாநிலங்களே தில்லியின் கையில் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.