வடகடல் தீவின் ஸ்திரீகள்

கொள்ளைநோய் வெளியே பரவாதிருக்கும் பொருட்டு ஊரார் தாமே எல்லை வகுத்துக்கொண்டு உள்ளிருந்த ஈம் என்னும் ஆங்கிலேயக் கிராமத்தைச் சென்ற வாரம் கண்டோம். இவ்வாரம் நாம் பிரவேசிக்கும் ஊரோ, நார்வேயின் வடகிழக்குக் கோடியில், குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியன் தலைகாட்டாத வார்டோ தீவு. ஆங்கில நாவலாசிரியை கிரண் மில்வுட் ஹார்கிரேவ் 2020-ல் வெளியிட்ட 'தி மெர்சீஸ்' அத்தீவின் கதையைச் சொல்கிறது.

1617-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் திடீரென்று எழுந்த சூறாவளியில் மீன்பிடிக்கச் சென்ற 40 ஆண்கள் ஒரே பொழுதில் மாண்டார்கள் என்பது சரித்திரம். தந்தையையும், உடன்பிறந்தானையும், தனக்கென்று நிச்சயிக்கப்பட்டவனையும் ஒருசேரப் பறிகொடுத்த மாரென் என்னும் யுவதி ஆசிரியையின் சிருஷ்டி. உறைந்த மண்ணில் குழி வெட்ட இயலாமல் உடல்களைப் படகுக் கொட்டகையில் கிடத்திவிட்டு, அழுது ஓய்ந்த பெண்கள், பசி வந்து வாசலில் நின்றபோது, பாதிரியின் முகச்சுளிப்பையும் பொருட்படுத்தாமல், கிர்ஸ்டன் என்ற தைரியசாலியின் தலைமையில் தாமே துடுப்பெடுத்துக் கடலில் இறங்குகிறார்கள்.

இந்நூலில் நான் பெரிதும் ரசித்தவை இதற்குப் பின்வரும் நிதானமான அத்தியாயங்களே. பெர்கன் நகரத்திலிருந்து மணமாகி வந்த ஊர்ஸா என்னும் பெண்ணுக்கு, வேலைக்காரர்களின் உழைப்பிலேயே வளர்ந்தவளாதலால், அடுப்பு மூட்டவும் தெரியாது. மாரென் அவளுக்கு ரொட்டி மாவு பிசையவும், கலைமான் தோலை வெட்டி அங்கி தைக்கவும் கற்பிக்கிறாள். மாவின் பதம் கைக்குப் பிடிபடப் பிடிபட, கூச்சம் கழிந்து, சிநேகம் பிறந்து, அது சிநேகத்தினும் ஆழமான ஒன்றாகக் கனிவதை ஆசிரியை சிறிதும் அவசரமின்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். நடக்கப்போவது இன்னதென்று சரித்திரத்தில் படித்தறிந்தவனும், இந்த அடுப்பங்கரைப் பொழுது இன்னும் சற்று நீளாதா என்று ஏங்கிப் பக்கத்தைப் புரட்டத் தயங்குவான்.

ஊர்ஸாவின் கணவன் அப்சலோம் கார்னெட், சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்கென்றே ஸ்காட்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்டவன். அவனை வரவழைத்தவரான ஜான் கன்னிங்ஹாம், மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1619-ல் அப்பிராந்தியத்துக்கு அதிகாரியாக நியமித்த உண்மை மனிதர். படகோட்டி ஊரைப் பிழைக்க வைத்த சாமர்த்தியமே இவர்கள் சந்நிதியில் குற்றத்துக்குச் சாட்சியாகிறது. ஆயினும் முதல் விரலை நீட்டுவோர், கிர்ஸ்டனின் சுதந்திரத்தைக் காணச் சகியாத, ஆலயப் பக்தியில் சிறந்த அவ்வூர்ப் பெண்களே. ஆண்களின் கொடுமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடாத இந்த நேர்மைக்காகவே ஆசிரியையை வணங்கத் தோன்றுகிறது.

கிர்ஸ்டன் என்ற பெயர் வெறுங்கற்பனை அன்று. 1621-ல் நிகழ்ந்த விசாரணையின் பதிவுகளில் இருக்கிறது. கயிற்றில் மூன்று முடிச்சிட்டு அவிழ்த்துப் புயலை எழுப்பியதாக அவ்விசாரணையில் ஒப்புதல் வாங்கினார்கள். அந்நூற்றாண்டில் அப்பிராந்தியத்தில் இவ்வாறு உயிரிழந்த 91 பேருக்கு, ஆளுக்கொரு சிறு ஜன்னலும் விளக்குமாக, 2011-ல் வார்டோவில் ஸ்மாரகம் எழுப்பியிருக்கிறார்கள். இந்நாவலுக்கு வித்தும் அதுவே.

குறையென்று ஒன்று உண்டு. அத்தனை பொறுமையாக வளர்ந்த கதை இறுதி அத்தியாயங்களில் விரைந்து முடிகிறது. ஊர்ஸாவின் மனம் மாறி முற்றும் கட்டத்துக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம். அடுத்த வாரம், 1830-ல் ஐஸ்லாந்தில் சிரச்சேதம் செய்யப்பட்ட ஆக்னெஸ் என்னும் பெண்ணைப் பற்றி ஹன்னா கென்ட் எழுதிய நாவலைப் பார்ப்போம்.