புழு வீட்டுக்குள் கரி அடுப்பு! கூடும் கெடும், உயிருக்கும் ஆபத்து

ராமகுப்பம்:
மார்கழி மாதம். இரவு 2 மணி. ஊர் முழுக்கப் போர்வைக்குள் இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் மனையில் மட்டும் விளக்கு எரிகிறது. நடுவில் இரண்டு குமுட்டி அடுப்பு. அவற்றில் கரி கனன்று கொண்டிருக்கிறது. ஜன்னல்களைக் கோணிப் பையால் அடைத்தாகிவிட்டது. அடுக்குத் தட்டுகளில் ஒரு லட்சம் புழுக்கள் தழை தின்கின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்துச் சுருண்டு படுத்திருக்கிறார் வீட்டுக்காரர். கரி அணைந்தால் மறுபடி போட வேண்டுமே!

ராமகுப்பம் வட்டாரத்தில் குளிர்காலத்துப் பட்டு விவசாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்து இருக்கிறது ராமகுப்பம். ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். சந்தைக்குப் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பெங்களூரில் வேலை பார்க்கும் குப்பம் பக்கத்துத் தமிழர்களில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமும், அதில் கொஞ்சம் மல்பெரிச் செடியும் உண்டு. அண்ணனோ தங்கையோ புழு வளர்க்க, சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்த் தழை வெட்டிக் கொடுத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கரி அடுப்பை அவர்களும் பார்த்திருப்பார்கள். அதன் பக்கத்தில் படுத்தும் இருப்பார்கள்.

புழு கேட்கும் சூடு

கடல் மட்டத்துக்கு மேல் 2000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம் இது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மனிதனுக்கு ஒரு கம்பளி போதும். பட்டுப்புழுவுக்குப் போதாது. அதன் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்று என்ன சூடோ அதுதான் அதன் சூடு.

இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வரை வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் புழு சரியாகத் தின்னாது. தோலுரிப்பது ஒன்றுக்கொன்று முன்பின்னாகும். கூடு கட்டுகிற நாள் தள்ளிப் போகும். தோட்டத்தில் தழை தீர்ந்துபோகும். புழுவோ இன்னும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டு நோய் வரும். பூஞ்சைக் காளான் புழுவைக் கொன்று, உடம்பைச் சுண்ணாம்புத் துண்டு போல விறைக்க வைத்து வெளுத்துவிடும். ஒரு தட்டில் கண்டால் மறு தட்டுக்குப் பரவ நேரம் ஆகாது.

ஆகவே சூடு கட்டாயம் வேண்டும். அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது.

நெருப்பு விடும் மூச்சு

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. அடைத்த அறையில் தூங்குகிறவர் அதை உணர மாட்டார். தூக்கம் ஆழமாவது போலத்தான் இருக்கும். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி, குளிர்காலத்தில் டில்லிப் பக்கமிருந்தும் காஷ்மீரிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. நம் புழு மனையும் அந்த நேரத்தில் அடைத்த அறையே. புழுவைக் காக்கப் படுத்தவர் புழுவுக்கு முன்னால் போய்விடலாம்.

"சரி, கரி வேண்டாம், கேஸ் அடுப்பு வைத்துவிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். புகை தெரியாது, சுத்தமாக எரியும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும், 1.6 கிலோ தண்ணீர் ஆவியும் உண்டாகின்றன. கேஸ் அடுப்பை மனைக்குள்ளேயே எரித்தால் அவ்வளவும் உள்ளேதான் தங்கும். இரவு முழுக்க எரித்தால் குடம் தண்ணீரைக் காற்றில் தெளித்ததற்குச் சமம். ஈரத்தை ஓட்ட அடுப்பு வைத்து, அடுப்பே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற கதை! காற்றுப் போதாமல் எரிந்தால் கேஸிலும் கார்பன் மோனாக்சைடு வரும்.

குளிர் நாடுகளில் இதற்கு வழி கண்டு வெகு காலமாகிறது. நெருப்பு ஒரு இரும்புக் கூட்டுக்குள் எரியும். அதன் புகை தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். கூட்டின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு போகும்படி ஒரு ஊதுவிசிறி காற்றைத் தள்ளும். சூடான அந்தக் காற்று மட்டும் தகரக் குழாய் வழியாக அறைகளுக்குப் போகும். நெருப்பின் மூச்சும் மனிதனின் மூச்சும் கலக்காது. அமெரிக்காவில் வீடுகளின் அடித்தளத்தில் இருப்பது இந்த வகை அடுப்பு.

நமக்கு இது அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே விறகு எரியும். புகை புகைபோக்கியில் ஏறிவிடும். இரும்புக் குழாய்களைத் தொட்டுச் சூடான காற்றுத்தான் தேயிலையை உலர்த்தும். புகை நாற்றம் பட்டால் அந்தத் தேயிலையை யார் வாங்குவார்கள்?

எவ்வளவு பெரிய அடுப்பு?

கடைக்காரரைக் கேட்டால் "பெரிசா வாங்கிடுங்க" என்பார். அது தப்பு. கணக்குப் போட்டு வாங்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் போடக்கூடிய கணக்குத்தான்.

50 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி உயரமுள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சுமார் 250 முட்டைத் தொகுதிப் புழுக்களை வளர்க்கும் இடம். வெளியே 15 டிகிரி. உள்ளே 24 வேண்டும். வித்தியாசம் 9 டிகிரி. இந்தச் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே வெறும் சிமெண்ட் ஷீட் கூரை என்றால், அதன் வழியாக மட்டும் சுமார் 5 கிலோவாட் போய்விடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் நாலும் சேர்ந்து 3 கிலோவாட். மணிக்கு ஒரு முறை உள்ளிருக்கும் காற்று மாறினால், புதுக் காற்றைச் சூடாக்க 1 கிலோவாட். ஆக மொத்தம் 9. வாளித் தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட்டர் கம்பிகள் ஒன்பதை ஒரே நேரத்தில் போட்டது போல! கிராமத்து மின்சாரம் இதைத் தாங்காது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கேஸில் பார்த்தால், புகைபோக்கியில் வீணாவது போக, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10 கிலோவாட் மணி நேரச் சூடு கிடைக்கும். மணிக்கு 900 கிராம் செலவு. பத்து மணி நேர இரவுக்கு 9 கிலோ. வியாபாரத்துக்கான 19 கிலோ சிலிண்டர் இரண்டு இரவில் காலி. (வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்ட விரோதம்.) பத்து இரவுக்கு ஐந்து சிலிண்டர் என்றால் எந்த விவசாயியும் கும்பிடு போட்டுவிட்டுக் கரி அடுப்புக்கே திரும்புவார்.

இங்கேதான் கூரையைக் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேல் சூடு அதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஷீட்டுக்குக் கீழே தெர்மோகோல் அட்டையாலோ, இரட்டைத் துணியாலோ, இடையில் காற்று நிற்கும்படி ஒரு உள்கூரை கட்டினால் 5 கிலோவாட் 2-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மொத்தம் 6. பத்து இரவுக்கு மூன்று சிலிண்டரும் சொச்சமும். கோடைக்கும் அந்தக் கூரையே நிழல். அடுப்புக் கடைக்குப் போகுமுன் தச்சரையோ கொல்லத்துக்காரரையோ கூப்பிடுவது லாபம். தெர்மோகோல் தீப்பிடிக்கும் சரக்கு. புகைக்குழாய் போகும் இடத்தில் அதை ஒட்டக் கூடாது.

தேவைக்கு இரண்டு பங்கு பெரிய அடுப்பு வாங்கினால் என்ன ஆகும்? குபீரென்று எரிந்து, ஐந்து நிமிடத்தில் அணைந்து, மறுபடி எரியும். மேல் தட்டில் வேர்வை, கீழ்த் தட்டில் குளிர். புழுக்கள் ஒன்றாகத் தோலுரிக்காது. சிறிய அடுப்பு நிதானமாக, நெடுநேரம் எரிவதே நல்லது.

குழாயின் அகலம்

அடுப்பை விட அதிகம் பேர் ஏமாறுவது காற்றுக் குழாயில். 9 கிலோவாட் அடுப்பு தன் மீது போகும் காற்றை 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், நிமிடத்துக்குச் சுமார் 800 கன அடி காற்று ஓட வேண்டும். குழாய் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக இருந்தால் காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகும். சைக்கிள் வேகம். சத்தம் இராது. தகரம் மிச்சம் என்று ஆறு அங்குல வட்டக் குழாய் போட்டால் அதே காற்று மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். ஜோலார்பேட்டை பாசஞ்சருக்கே அந்த வேகம் அபூர்வம்! விசிறியால் அவ்வளவு தள்ள முடியாது. காற்றுக் குறையும். இரும்புக் கூடு அளவுக்கு மீறிக் காயும். பாதுகாப்பு சுவிட்ச் கேஸை நிறுத்திவிடும். "அடுப்பு ரிப்பேர்" என்று ஆளைக் கூப்பிடுவார்கள். அடுப்பு நன்றாகத்தான் இருக்கும்.

காற்று உள்ளே போனால் போதாது. திரும்பியும் வர வேண்டும். சூடான காற்று மேலே ஏறும். அதனால் குழாயின் வாய்களைத் தட்டுகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில், கீழ் நோக்கி வைப்பது நல்லது. திரும்பி வரும் வழி தரைக்குப் பக்கத்தில், எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். தழை மீது நேராக அடித்தால் தழை வாடும். வாடிய தழையைப் புழு தொடாது. திரும்பும் காற்றோடு வெளிக்காற்றையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒரு லட்சம் புழுக்களும் மூச்சு விடுகின்றன அல்லவா?

இப்படிச் சூடாக்கிய காற்று வறட்சியாகும். 15 டிகிரியில் 90 சதவீத ஈரமாக இருந்த காற்று, 24 டிகிரிக்கு வந்தால் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். வளர்ந்த புழுவுக்கு 70 சதவீதம் வேண்டும். தழையிலிருந்தும் புழுவிலிருந்தும் கொஞ்சம் ஈரம் வரும். மீதிக்கு ஈரக் கோணி தொங்கவிடலாம். சந்திரிகையில் ஏற்றிக் கூடு கட்டும் நாட்களில் கோணியை எடுத்துவிட வேண்டும். அப்போது 60, 65 சதவீதமே சரி. அந்த நேரத்தில் புழு தன் உடம்பு ஈரத்தை எல்லாம் வெளியேற்றுகிறது. சூடு போய்விடுமே என்று மனையைப் பூட்டி வைத்தால் கூடு ஈரத்தில் ஊறும்; பின்னால் நூற்கும்போது இழை அறுந்து அறுந்து வரும். நல்ல தழை போட்டும் சந்தையில் விலை இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

மறக்கக் கூடாதவை

சிலிண்டர் மனைக்கு வெளியே, நிமிர்த்தி இருக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து பள்ளத்தில் தேங்கும். பக்கத்தில் சாக்கடையோ குழியோ கூடாது. மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும். அந்தக் கணமே கேஸும் தானாக நிற்கும் அமைப்பு இல்லாத அடுப்பை வாங்கவே வேண்டாம். வேலையை அனுபவமுள்ள கேஸ் மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

பட்டு விவசாயிகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் மனையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுகிறார்கள். அதன் குளோரின் ஆவி நெருப்புக்குள் போனால் அமிலமாகி இரும்புக் கூட்டை அரிக்கும். ஓட்டை விழுந்தால் புகை சூடான காற்றோடு சேர்ந்து நேரே உள்ளே வரும். ஆகவே நெருப்புக்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். மருந்து தெளித்து, ஆவி போன பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கருவிகளுக்கு மானியம் உண்டா என்பதைப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கிய பின் கேட்டால் பில் செல்லாது என்பார்கள்.

எல்லாம் பொருத்தியதும், இளம்புழு வந்து சேருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு இரவு ஓட்டிப் பார்க்க வேண்டும். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு மூன்றிலும் ஒவ்வொரு வெப்பமானி தொங்கட்டும். மூன்றுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குழாய் வாயைத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாக நடந்து பாருங்கள். (புழு வந்த பிறகு இதைச் செய்யாதீர்கள். அதற்குப் புகை ஆகாது.) புகை சாய்ந்து போகிற பக்கம் காற்று போகிறது. அசையாமல் நேராக நிற்கிற மூலையில் காற்று இல்லை. அந்த மூலையில் தட்டு போட வேண்டாம்.